ஹோலில் எழும்பின பலகை

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, சிட்னியின் கிரவீனில் மனோரமா அக்காவின் வீட்டு வாசலில் வேலை வானை நிறுத்திய கொட்பிறி உடனே இறங்கவில்லை. ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி சும்மா இருந்தார். இறங்கினால் நடக்க வேண்டும், நடந்தால் உள்ளே போக வேண்டும், உள்ளே போனால் முழங்காலை மடக்க வேண்டும். ஐம்பத்தெட்டு வயது. அதில் இருபத்திரண்டு வருடம் சிட்னிக்காரரின் தரைகளில் தவழ்ந்து தவழ்ந்து பலகை பதித்தே போய்விட்டது. குழந்தைகூட ஆறு மாதம் தவழ்ந்துவிட்டு எழும்பி நடக்கத் தொடங்கிவிடும். இந்த மனிதனுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

"இண்டைக்குப் பாத்திட்டு மட்டும் வாங்கோ. சாமான் ஒண்டையும் இறக்காதேங்கோ" என்று லிட்கம்மில் வீட்டிலிருந்து வெளிக்கிடும்போதே மனைவி அஞ்சலீனா சொல்லித்தான் விட்டாள். ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, வாள், ஈரம் பார்க்கும் மீற்றர், முழங்கால் மெத்தை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டுதான் வந்தார். பார்த்துவிட்டு மட்டும் வந்த வேலை என்று ஒன்று அவருடைய சரித்திரத்திலேயே கிடையாது.

இந்த வீட்டு ஹோலுக்கு மரத்தளம் போட்டது அவர்தான், ஒன்றரை வருடத்துக்கு முந்தி. போன கிழமை மனோரமா அக்காவின் மகன் யுகன் மெல்பேர்னிலிருந்து போன் எடுத்து, "அங்கிள், புளோர் எழும்பியிருக்கு" என்றான். இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு இதைவிடக் கெட்ட செய்தி வேறு இல்லை. கூரை ஒழுகினால் மழையைக் குறை சொல்லலாம். பலகை எழும்பினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது பலகை பதித்தவனைத்தான். அதுவும் கொட்பிறி, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோயில் கார்ப் பார்க்கில் நின்று, "நான் போட்ட புளோர் ஒண்டும் இண்டைவரைக்கும் எழும்பேல்லை" என்று எத்தனை பேரிடம் அளந்திருக்கிறார்! வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஆனாலும் ஒரு ஆறுதல் இருந்தது. நூறு தரம் பலகை எழும்பினால் தொண்ணூறு தரம் தண்ணீர்தான் காரணம். பாத்திரம் கழுவும் மெஷின் ஒழுகும். பூச்சாடிக்குக் கீழே தட்டு வைக்கமாட்டார்கள். நம்முடைய சனம் என்றால் கேட்கவே வேண்டாம், வெள்ளிக்கிழமை வந்தால் வாளி வாளியாக ஊற்றி வீடு கழுவாவிட்டால் நித்திரை வராது. ஊரில் சீமெந்துத் தரை, ஊற்றித் தள்ளினால் வாசலால் ஓடிவிடும். மரம் அப்படியா? குடிக்கும், குடித்து ஊதும், ஊதி இடம் இல்லாவிட்டால் மேலே எழும்பும். வேலை முடித்துவிட்டுப் போகும்போது ஒவ்வொரு வீட்டிலும் கொட்பிறி கும்பிடாத குறையாகச் சொல்லுவார்: பிழிந்த துணியால் துடையுங்கள், கழுவாதீர்கள் என்று. எல்லோரும் தலையாட்டுவார்கள். தலையாட்டுவதற்கு என்ன செலவா? இங்கேயும் அந்தக் கதையாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வானிலிருந்து இறங்கினார்.

கதவைத் திறந்தது யுகன். நாற்பது தாண்டின பிள்ளை, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் நின்றான். வெரிபீயில் வீடு, மெல்பேர்ன் நகரத்துக்குள் வேலை, ரெயினில் போக ஒரு மணி, வர ஒரு மணி. அது போதாதென்று இரண்டு கிழமைக்கு ஒருக்கால் பிளேன் ஏறித் தாயைப் பார்க்க சிட்னிக்கு வந்து போகிறான். தகப்பன் போய் நாலு வருடம். தாய் தனியே இருக்கிறார். 

கொட்பிறி ஹோலுக்குள் போய்ப் பார்த்தார். சோபாவுக்கும் டீவிக்கும் நடுவே நாலைந்து பலகைகள் விளிம்பு தூக்கி நின்றன. ஒரு பொருத்தில் பலகையும் பலகையும் முட்டி, சின்ன விரல் நுழையும் உயரத்துக்கு மேலே வந்திருந்தது. அதன் மேல் ஒரு பாயைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். மூடி என்ன பிரயோசனம், போன மாதம் மனோரமா அக்கா அதிலேயே தடக்கி விழுந்து, இடது மணிக்கட்டு இன்னும் பாண்டேஜில் இருந்தது.

"கொட்பிறி, வாரும். தேத்தண்ணி போடுறன்" என்று குசினி வாசலில் நின்று சொன்னார் மனோரமா அக்கா. எழுபத்தினாலு வயது. சுன்னாகம் தபாற்கந்தோரில் முப்பது வருடம் வேலை பார்த்து, எதிரே நிற்பவனை முத்திரை குத்துகிறமாதிரிப் பேசிப் பழகினவர். அந்தக் குரலை இன்றைக்குக் காணவில்லை. தன் வீட்டிலேயே யாரையோ கேட்டு நடக்கிறவர்போல மெதுவாகப் பேசினார்.

யுகன் கொட்பிறியைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"அங்கிள், நான் நேரா சொல்லுறன். அம்மா தண்ணி ஊத்தியிருக்கிறா. போனில அவவே சொன்னவ, வெள்ளிக்கிழமை வீடு கழுவினனான் எண்டு. நான் வந்து பாக்கேக்க வாளி ஹோலுக்கை நிக்குது. கேட்டா, முதல்ல இல்லை எண்டா. பிறகு தெரியேல்லை எண்டா. பிறகு ஓம், ஊத்தியிருப்பன் எண்டா. போன வருஷம் கேத்திலையும் ஒருக்கா எரிய விட்டவ. டொக்டரிட்டையும் கூட்டிக்கொண்டு போனன். அவருக்கு முன்னாலையும் ஊத்தினனான் எண்டுதான் சொன்னவ. ஷீ கான்ற் லிவ் அலோன், அங்கிள்."

"இப்ப நான் என்ன செய்யவேணும் தம்பி?"

"எங்கட வீட்டுக்குப் பின்னால அம்மாவுக்கு ஒரு ரூம் கட்டி முடிச்சிட்டன். செவ்வாய்க்கிழமைக்கு டிக்கற்றும் போட்டாச்சு. இந்த வீட்டை வித்துப்போட்டு அங்க வந்து இருக்கட்டும். அம்மா ஒண்டு மட்டும் சொல்லிப்போட்டா. கொட்பிறி வந்து பாத்துச் சொல்லட்டும், அவர் தண்ணிதான் எண்டு சொன்னா நான் வாறன் எண்டு." அவன் தோட்டத்துக் குழாயை வெறித்துப் பார்த்தான். "தண்ணி எண்டு ஒரு பேப்பரில எழுதித் தாங்கோ. அவ்வளவுதான். நீங்கள் முழங்காலிலயும் நிக்கத் தேவையில்லை. வீடு வாங்கிற ஆக்கள் புளோரைப் பாத்துக்கொள்ளுவினம்."

கெட்ட பிள்ளை இல்லை, களைத்த பிள்ளை. களைத்தவன் களைத்தவனை அறிவான் என்பதால் கொட்பிறிக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அதுவுமல்லாமல், தண்ணீர் என்று எழுதிவிட்டுப் போவதுதான் அவருக்கும் வசதி. போன மாதம் முழங்காலைப் படம் பிடித்துப் பார்த்த டொக்டர் இனித் தரையில் நிற்கிற வேலை வேண்டாம் என்று சொல்லியிருந்தார். வருஷ முடிவோடு விட்டுவிடுகிறேன் என்று அஞ்சலீனாவிடம் வாக்கும் கொடுத்திருந்தார். "பாத்துச் சொல்லுறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

குசினியில் தேத்தண்ணி தயாராக இருந்தது. குழாய்க்கு மேலே ஒரு கடதாசி ஒட்டியிருந்ததைக் கொட்பிறி கண்டார். *தண்ணியைப் பூட்டு* என்று தபாற்கந்தோர் எழுத்தில், வடிவாக எழுதியிருந்தது.

"குடியும்" என்று கதிரையை இழுத்துப் போட்டார் மனோரமா அக்கா. "யுகன் எல்லாம் சொல்லியிருப்பான்."

"சொன்னவர் அக்கா. நீங்கள் சொல்லுங்கோ. ஊத்திக் கழுவினனீங்களோ?"

"உமக்குப் பொய் சொல்லுவனே? நீர் புளோர் போட்டு முடிச்ச அண்டைக்கு, துடையுங்கோ கழுவாதேங்கோ எண்டு சொன்னனீர். துணியைப் பிழிஞ்சுதான் துடைக்கிறனான். வாயில மட்டும் கழுவினனான் எண்டுதான் வரும். ஊரில அப்பிடித்தானே சொல்லுறது? வீடு கழுவினனான் எண்டு. அதைத்தான் போனிலயும் சொன்னன். அவன் அதைப் பிடிச்சுக்கொண்டான்." அவர் பாண்டேஜைத் தடவினார். "ஆனா பலகை எழும்பியிருக்குதே கொட்பிறி. தண்ணி இல்லாமல் எழும்பாது எண்டு எல்லாரும் சொல்லுகினம். அப்ப ஆரோ ஊத்தினதுதானே? இந்த வீட்டில என்னை விட்டா வேற ஆர் இருக்கினம்? ஊத்திப்போட்டு மறந்திட்டனோ தெரியேல்லை."

கொட்பிறி கோப்பையை எடுத்தார். தேத்தண்ணியைக் குடித்தார். சீனி போட மறந்திருந்தார் மனோரமா அக்கா. அதைச் சொல்லலாமா என்று நினைத்துவிட்டுச் சொல்லாமல் முழுவதையும் குடித்து முடித்தார். பாவம், இந்த நேரத்தில் சீனிக்கணக்கும் சேர்ந்தால் மனுசி தாங்காது.

முழங்கால் மெத்தையைக் கட்டிக்கொண்டு ஹோலில் இறங்கினார். இறங்கும்போது வாயிலிருந்து "மாதாவே" என்று தானாக வந்தது. முதலில் சுவரோரப் பட்டியைக் கழற்றிப் பார்த்தார். பலகை ஊதிச் சுருங்குவதற்குச் சுவரைச் சுற்றிக் கைவிரல் அகலத்துக்கு இடைவெளி விடவேண்டும். புதுசுகள் அதை விடாமல் சுவரோடு நெருக்கிப் பதித்துவிட்டுப் போவார்கள், முதல் மழைக்காலத்திலேயே நடுவில் கூடாரம் எழும்பும். அவர் விட்டிருந்தார். ஒரு நூலும் பிசகாமல், நான்கு பக்கமும் விட்டிருந்தார். பார்த்தாயா, என் பிழை இல்லை என்று மனதுக்குள் ஒரு துள்ளல்.

பிறகு மீற்றரின் இரண்டு ஊசிகளையும் பலகையில் குத்தினார். சுவரோரத்தில் காய்ந்து கிடந்தது. நடுவே போகப் போக எண் ஏறியது. ஆனால் ஒன்று உறுத்தியது. மேலிருந்து தண்ணீர் ஊற்றியிருந்தால் பலகையின் முகத்தில் கறையோ வெளிறலோ இருக்கும். இங்கே முகம் பளபளவென்று, போட்ட அன்றைக்கு இருந்தமாதிரியே இருந்தது. விளிம்புகள் மட்டும் மேலே, நடு கீழே. பலகையின் வயிறுதான் ஈரம், முகம் இல்லை.

"ஒரு பலகையை வெட்டி எடுக்கப்போறன்" என்று குரல் கொடுத்தார். யுகன் பின்வளவில் வேலை சம்பந்தமாக யாருடனோ போனில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தான். மனோரமா அக்கா குசினியில் பாத்திரங்களைச் சத்தமில்லாமல் அடுக்கிக்கொண்டிருந்தார். ஹோலில் கொட்பிறி மட்டும்தான்.

வாளை வைத்து, மோசமாக எழும்பின பலகையை நீளத்துக்கு இரண்டு கீறு கீறி, உளியால் கிளப்பி எடுத்தார். குப்பென்று ஒரு பூஞ்சண வாடை வந்தது. பலகைக்குக் கீழே மெத்தைத் தாள். அதையும் அறுத்து விலக்கினார். மெத்தைக்குக் கீழே, கொங்கிறீற்றிலிருந்து ஈரம் மேலே வராமல் தடுப்பதற்கு விரிக்கும் பிளாஸ்ரிக் இருக்கவேண்டும். ஒரு ஹோலுக்கு ஒரே விரிப்பாக, பொருத்துகளில் ரேப் ஒட்டி, ஒரு ஊசித் துவாரமும் இல்லாமல்.

இந்த இடத்தில் பிளாஸ்ரிக் சிலுவையாக வெட்டப்பட்டு, நாலு முனையும் வெளியே மடித்துக் கிடந்தது. இரண்டு கை அகலத்துக்குக் கொங்கிறீற் கறுத்து, வியர்த்துக் கிடந்தது. அதன் நடுவே பச்சை பூத்த ஒரு செப்புத் தகடு. தகட்டின் மேல் ஏதோ பூ கிடந்து அழுகிக் கறுத்திருந்தது.

அப்போதுதான் கொட்பிறிக்கு எல்லாம் நினைவு வந்தது. வீட்டுக்கு வீடு தரைக்குக் கீழே எதையாவது வைக்கச் சொல்லிக் கேட்கிற சனம்தான். சைவக்காரர் தகடு வைப்பார்கள், வேதக்காரர் மாதா படம் பொறித்த பதக்கம் வைப்பார்கள், யாருக்கு எங்கே வைத்தோம் என்று யார் நினைவு வைத்திருக்கிறார்கள்? ஆனால் வழக்கமாகப் பிளாஸ்ரிக்குக்கு மேலே வைத்து மூடிவிடுவார். இங்கே மனோரமா அக்கா, "தகடு நிலத்தில படவேணும் எண்டு ஐயர் சொன்னவர்" என்று நின்றார். சரி அக்கா என்று கொட்பிறியே கத்தியை எடுத்துப் பிளாஸ்ரிக்கைக் கீறி விரித்துக் கொடுத்தார். அக்கா தகட்டை வைத்து, சந்தனம் பூசி, ஒரு செவ்வரத்தம்பூ வைத்து, சூடம் கொளுத்திக் கும்பிட்டார். கொட்பிறி சப்பாத்தைக் கழற்றிவிட்டு மரியாதையாக ஒதுங்கி நின்றார்.

அக்கா எழும்பிப் போன பிறகு அந்த வெட்டின் மேல் புதுப் பிளாஸ்ரிக் துண்டொன்றைப் போட்டுச் சுற்றிவர ரேப் ஒட்டியிருக்கவேண்டும். இரண்டு நிமிட வேலை. ரேப்பைக் கையில் எடுக்கவும் செய்தார். ஆனால் சந்தனம் ஈரமாக இருந்தது, பூ புதிதாக இருந்தது. பூசை செய்து வைத்த பொருளின் மேல் பிளாஸ்ரிக்கை அமத்தி ஒட்டுவது அவருக்கு மனதுக்குச் சரிப்படவில்லை. நான் வேதக்காரன், அவையளின்ர சாமியை மூச்சு முட்ட மூடினமாதிரி ஆகிவிடுமோ என்று ஒரு தயக்கம். அந்தத் தயக்கத்திலேயே மெத்தையை இழுத்துவிட்டு, பலகையைப் பதித்துவிட்டு, அக்கா போட்ட மரக்கறிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டு மழைக்காலம் கொங்கிறீற்றின் ஈரமெல்லாம் அந்த ஓட்டையால் மேலே வந்து பலகைக்குள் ஏறியிருக்கிறது. மரியாதை பார்த்தாராம் மரியாதை! இருபத்திரண்டு வருடத் தொழிலில் ஒரு பொடியனும் விடாத பிழை.

வெட்கத்தில் காது சுட்டது. கூடவே வேறொரு யோசனையும் ஓடியது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒருவரும் பார்க்கவில்லை. மெத்தையை இழுத்து மூடி, பலகையைத் திருப்பி வைத்து, தண்ணீர் என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் முடிந்தது. மகன் கேட்பதும் அதுதான். தாயும் ஊற்றியிருப்பேன் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டார். உண்மையைச் சொன்னால் பாதி ஹோலைக் கழற்றவேண்டும், கொங்கிறீற்றைக் காயவிட்டு ஈரம் தடுக்கும் பூச்சு பூசவேண்டும், புதுப் பிளாஸ்ரிக் விரித்து, வளைந்த பலகைகளை மாற்றித் திருப்பியும் பதிக்கவேண்டும். குறைந்தது நாலு நாள் முழங்காலில். கொட்பிறி போட்ட புளோர் எழும்பிவிட்டதாம் என்று கார்ப் பார்க்கிலும் கதை வரும். அவருக்கு அப்படியே அந்த ஈரத் தரையில் சரிந்து படுத்துவிடலாம்போல அலுப்பாக இருந்தது.

குசினியில் குழாய் திறந்து மூடும் சத்தம் கேட்டது. மறுபடி திறந்து மறுபடி மூடும் சத்தம். பிறகு, மூடியதை உறுதி செய்கிறவர்போல, "பூட்டிட்டன்" என்று மனோரமா அக்கா தனக்குத்தானே சொல்லுவதும் கேட்டது.

"அக்கா!" என்று கத்தினார் கொட்பிறி. தான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது சத்தம். "இங்க வாங்கோ. தம்பி யுகன், நீங்களும் வாங்கோ. போனை வைச்சிட்டு வாங்கோ."

இருவரும் வந்து நின்றார்கள். எழும்பிச் சொல்லுவதுதான் முறை. எழும்ப முடியாமல் முழங்காலில் நின்றபடியே சொன்னார். "இது தண்ணி ஊத்தி எழும்பேல்லை. என்ர பிழை." தகட்டைக் காட்டினார், வெட்டைக் காட்டினார், ரேப் ஒட்டாமல் விட்ட கதையை ஒன்றும் விடாமல் சொன்னார். சொல்லும்போது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

யுகன் பெருமூச்சு விட்டான். "அங்கிள், ஐ நோ வட் யூ ஆர் டூயிங். அம்மாவில பாவம் பாத்துச் சொல்லுறீங்கள். பிளீஸ். இது விளையாட்டில்லை. திருப்பி விழுந்து இடுப்பு உடைஞ்சா ஆர் பாக்கிறது?"

கொட்பிறிக்கு வந்ததே ஒரு கோபம்! "பாவம் பாத்தோ? எனக்கென்ன விசரோ தம்பி? பாவம் பாத்து நாலு நாள் முழங்காலில நிக்க நான் என்ன புனிதரோ? இஞ்ச குந்தும். குந்திப் பாரும்." அவன் தோளைப் பிடித்து இழுத்துக் கீழே இருத்தினார். "இந்த வெட்டுக்கு ஒரு முழம் தள்ளி, பிளாஸ்ரிக்குக்கு மேல என்ன கிடக்குது? மரத்தூள். நான் அண்டைக்குப் பலகை அறுக்கேக்க விழுந்து, மெத்தைக்குக் கீழ அமந்து கிடந்தது. ஊதும்."

யுகன் குனிந்து ஊதினான். தூள் மாவாகப் பறந்து அவன் கண்ணில் விழுந்தது.

"மேல இருந்து தண்ணி ஊத்தினா, பொருத்துக்குள்ளால இறங்கி இந்தப் பிளாஸ்ரிக்கிலதான் தேங்கி நிக்கும். இந்தத் தூள் களியாகிக் காய்ஞ்சு கட்டியா இருக்கும். ஒரு வாளி வேண்டாம், ஒரு செம்பு ஊத்தியிருந்தாலும் தெரியும். இது பறக்குது. உம்மட அம்மா ஒண்டரை வருஷமா இந்தப் புளோரில ஒரு துளி ஊத்தேல்லை. நான் சொன்னமாதிரிப் பிழிஞ்சு துடைச்ச ஒரே மனுசி இந்தச் சிட்னியில இவதான்."

யுகன் கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் தூளைக் கிள்ளி எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தான். திருப்பித் தேய்த்தான். பிறகு தரையிலேயே இருந்துவிட்டான்.

மனோரமா அக்கா சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். தகட்டையோ கொட்பிறியையோ அவர் பார்க்கவில்லை. அவர் பார்த்தது மகனுடைய விரலில் ஒட்டியிருந்த அந்த வெள்ளைத் தூளைத்தான்.

"அப்ப நான் ஊத்தேல்லை" என்றார்.

"இல்லை அக்கா."

"மறக்கவும் இல்லை."

"ஊத்தாததை எப்பிடி அக்கா மறக்கிறது?"

"மூண்டு மாதம் கொட்பிறி." காலால் தரையைத் தடவிக் காட்டினார். "மூண்டு மாதமாக் காலையில எழும்பினவுடன காலால தடவிப் பாக்கிறனான், ஈரமா இருக்கோ, இராவு எழும்பி வந்து ஊத்தினனோ எண்டு. இவன் சொன்னான், இவன்ர மனுசி சொன்னா, பக்கத்து வீட்டு விமலா சொன்னா. எல்லாரும் சொல்லச் சொல்ல, கடைசியில நானும் சொன்னன். டொக்டர் கேட்டார், வாயால ஓம் எண்டன். என்ர வாயால! அவர் அதை எழுதினார்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்றார் கொட்பிறி. வேறு என்ன சொல்ல? ஒட்டாமல் விட்ட இரண்டு முழ ரேப் ஒரு மனுசியைத் தன் தலையையே நம்பாமல் பண்ணியிருக்கிறது. பலகையை மாற்றிவிடலாம். இதற்கு எந்தக் கடையில் மாற்றுப் பலகை இருக்கிறது?

"நீர் சாமிக்கு மரியாதை பாத்தனீர். உம்மில எனக்குக் கோவமில்லை. ஐயரில கொஞ்சம் இருக்கு. கொங்கிறீற்றுக்கும் மண்ணுக்கும் வித்தியாசம் தெரியாத மனிசன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எத்தனை நாள் வேலை?"

"கழற்றிக் காயவிட, பூச, திருப்பிப் பதிக்க எண்டு ரெண்டு கிழமை வரும். பூச்சு மணக்கும், அந்த நேரம் நீங்கள் இஞ்ச இருக்கேலாது."

யுகன் தலை நிமிர்ந்தான். "அப்ப செவ்வாய்க்கிழமை டிக்கற் இருக்குத்தானே அம்மா. வாங்கோ. ரூமும் ரெடியா..." சொல்லிக்கொண்டு வந்தவன், தாயின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"வாறன்" என்றார் மனோரமா அக்கா. "ரெண்டு கிழமை வந்து நிக்கிறன். திரும்பி வாற டிக்கற்றையும் இப்பவே போடு." பிறகு கையை நீட்டினார். "அதுக்கு முதல் டொக்டருக்கு போன் எடு."

"அம்மா, திங்கக்கிழமை நான்..."

"சனிக்கிழமை பன்னிரண்டு மணிவரைக்கும் திறந்திருக்கும். எடு. என்ர கதையை அவரிட்டை இங்கிலிஷில சொன்னது நீதானே, இதையும் நீயே சொல்லு."

தபாற்கந்தோர்க் குரல் திரும்பி வந்திருந்தது. யுகன் தரையில் இருந்தபடியே எண்ணைத் தட்டினான். டொக்டர் வேறொருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்போலும், வரவேற்பில் இருந்த பெண்ணொருத்தி எடுத்தாள். தாயின் பெயரையும் பிறந்த திகதியையும் சொன்னான். டொக்டரின் குறிப்பில் சேர்க்கவேண்டிய ஒரு விசயம் இருக்கிறது என்றான். போன மாதம் தரைக்குத் தண்ணீர் ஊற்றியதாகச் சொன்னோம், ஆனால் இப்போது பார்த்தால், "மே பி ஷீ டிடின்ற்" என்றான்.

"மே பி இல்லை" என்றார் மனோரமா அக்கா.

யுகன் தாயை நிமிர்ந்து பார்த்தான். கண் சிவந்திருந்தது, தூளாலோ வேறெதனாலோ. "சொறி" என்று போனில் திருத்தினான். "நொட் மே பி. ஷீ டிட் நொட்."

"எழுதினதை வாசிக்கச் சொல்லு. ஸ்பீக்கரில போடு."

அவன் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தாயின் பக்கம் நீட்டினான். விசைப்பலகை தட்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. கொட்பிறி முழங்காலில் நின்றபடியே கேட்டார். அந்த வெள்ளைக்காரப் பிள்ளை, ஒரு நாளைக்கு நூறு பேருக்குச் சொல்லுகிற அதே சாதாரணக் குரலில், தாய் தரையில் தண்ணீர் ஊற்றவில்லை என்று வாசித்தது: "மதர் டிட் நொட் போர் வோட்டர் ஒன் த புளோர். இஸ் தற் கரெக்ட்?"

மனோரமா அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்கா வாசிக்கச் சொல்லு" என்றார்.